தறிக்குழிக்குள் இறங்கிய சீனி

அன்று காலை அந்த வீட்டில் நாலு பேர் இருந்தோம். தறிக்காரர் சௌந்தரபாண்டி அண்ணன், அவர் மனைவி செல்வராணி அக்கா, எதிர்வீட்டிலிருந்து வந்து வாசல்படியைத் தாண்டாமல் நின்ற ராஜாமணி, நான். தறிக்குழிக்குள் சீனி என்ற நாய் இருந்தது. அங்கே இல்லாதவர்கள் இரண்டு பேர். ஒருத்தி கடிபட்ட பிள்ளை கனிமொழி. மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். அவளை அவள் மாமா பைக்கில் உட்கார வைத்து திண்டுக்கல் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தார். இன்னொருவர் எங்கள் டாக்டரம்மா. தங்கை பேரனுக்குக் காதுகுத்து என்று முந்தின நாளே பழனிக்குப் போய்விட்டார். அவர் இருந்திருந்தால் இதை எழுத வேண்டியே வந்திருக்காது. அவர் இல்லாத இடத்தில் நான் வாயைத் திறந்தேன்.

ரிட்டையர் ஆனவன் மாதிரி எழுதுகிறாயே, உனக்கு என்ன வயசு என்று கேட்பீர்கள். முப்பத்திரண்டு. ஆனாலும் இந்த வேலையில் நான் ரிட்டையர்தான். திண்டுக்கல்லில் ஒரு தனியார் கால்நடை கிளினிக்கில் ஒன்பது வருஷம் உதவியாளாக இருந்தேன். இப்போது வலது கைக் கட்டைவிரல் முழுசாக மடங்காது. மடங்காத விரலை வைத்துக்கொண்டு ஒரு நாயைப் பிடிக்க முடியாது. வேடசந்தூர் ரோட்டில் ஒரு மாட்டுத்தீவனக் கடையில் பில் போடுகிறேன். பேனா பிடிக்க அந்த விரல் போதும்.

எனக்குப் பின்னால் இந்த வேலைக்கு வந்த பையன்கள் இரண்டு பேர் இன்னும் என்னைக் கூப்பிடுகிறார்கள். இப்போது வேலையே மாறிவிட்டது. நாய் வளர்க்கிறவர்கள் எட்டு வினாடி வீடியோ எடுத்து கிளினிக் நம்பருக்கு அனுப்புகிறார்கள். டாக்டர் ஆபரேஷனில் இருப்பார். போன் பையன் கையில் இருக்கும். அவன் பார்த்துவிட்டு பதில் போடுகிறான். போன மாதம் அப்படி ஒரு வீடியோவை எனக்குத் தள்ளிவிட்டு, "அண்ணே, இது வெறிதானே, ஆமான்னு போட்டுரவா?" என்று கேட்டான். போடாதே என்று சொல்லிவிட்டு வைத்தேன். காரணம் சொல்ல அப்போது நேரமில்லை. இதுதான் காரணம்.

எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். அப்பா மில் பஸ்ஸில் ஷிப்டுக்குப் போய் வந்தவர். எனக்குச் சான்றிதழ் வந்த அன்று அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். ஒரு வருஷப் பயிற்சி. நாயின் வாயை நாடாவால் எப்படிக் கட்டுவது, மாட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கக் கூடாது, போட்டு முடித்த ஊசியை எப்படி எறிவது என்று கற்றுக்கொண்டதோடு அது முடிந்தது. மிச்சமெல்லாம் டாக்டரம்மாவிடம் வேலை பார்த்துத் தெரிந்துகொண்டதுதான்.

அவர் எதையும் உட்கார வைத்துச் சொல்லித் தருகிறவர் இல்லை. கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார். ஒரு கத்தரி காணாமல் போனதற்கு மூன்று நாள் என்னோடு பேசவில்லை. கத்தரி அவர் கோட்டுப் பையிலேயே இருந்தது. அது கிடைத்த பிறகும் ஒரு நாள் பேசவில்லை. எல்லா நாயையும் "சார்" என்பார். பெட்டை நாயும் சார்தான். எந்த உயிரையும் தொடும் முன் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டி, இரண்டு நிமிஷம் தள்ளி நின்று பார்ப்பார். பிறகு என் பக்கம் திரும்பாமலேயே கேட்பார், "என்ன பார்த்த?"

"பயந்து போயிருக்கும்மா" என்றால் ஒத்துக்கொள்ள மாட்டார். அது நீ நினைச்சது என்பார். காது பின்னால் மடிந்திருக்கிறது, வால் வயிற்றுக்கடியில் போயிருக்கிறது, இடது பின்னங்கால் தரையில் படவில்லை என்று சொல்ல வேண்டும். அதைத்தான் நோட்டில் எழுத வேண்டும். முதல் நாள் நோட்டில் நோயின் பெயர் இருக்கவே இருக்காது. எனக்கு அது அப்போது வீண் பிடிவாதமாகத் தெரிந்தது.

இரண்டாவது வருஷம் வடமதுரைப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போனோம். பசு ஒன்று எச்சில் வடித்துக்கொண்டு, தொண்டையில் ஒரு மாதிரி சத்தத்தோடு நின்றது. தண்ணீர் குடிக்கவில்லை. மாங்கொட்டை சிக்கியிருக்கும் என்று தோட்டக்காரர் முழங்கை வரைக்கும் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். டாக்டரம்மா வண்டியை நிழலில் நிறுத்திவிட்டு வந்துகொண்டிருந்தார். அதற்குள் நான் ஓடிப்போய், அவர் கையை எடுத்ததும் என் கையை விட்டேன். வேலை தெரிந்தவன் என்று காட்டிக்கொள்ளும் ஆசை. பின்னாலிருந்து டாக்டரம்மா என் பெயரைச் சொல்லிக் கத்தினார். ஒன்பது வருஷத்தில் அவர் கத்தியது அந்த ஒரு தடவைதான்.

மூன்றாம் நாள் பசு செத்தது. மாதிரி அனுப்பினார்கள். வெறிநோய் என்று முடிவு வந்தது. தோட்டக்காரர் வீட்டில் எல்லோரும் ஊசி போட்டுக்கொண்டார்கள், நானும் போட்டுக்கொண்டேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதற்கப்புறம் ஒரு வருஷம், டம்ளரைத் தூக்குகிற ஒவ்வொரு தடவையும் தொண்டை இறுகுகிறதா என்று கவனித்துக்கொண்டே குடித்தேன். சில நாள் இறுகுகிற மாதிரியே இருக்கும். டம்ளரை வைத்துவிட்டு கொல்லைக்குப் போய் நின்றுகொள்வேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. படிச்ச பையன் பயப்படலாமா?

சீனிக்கு வருகிறேன். நாலுவழிச் சாலையோரம் சொறி பிடித்து, விலா எண்ணுகிற மாதிரி கிடந்த நாய் அது. லாரிக்காரர் ஒருவர் சாக்கில் போட்டுக் கொண்டுவந்து எங்களிடம் விட்டார். கிளினிக்கில் நாற்பது நாள் இருந்தது. பசி கண்ட நாய். சோற்றுக் கஞ்சி சிந்திய தரையைக்கூட விடாமல் நக்கும். தடுப்பூசியை நான்தான் போட்டேன். சின்னாளபட்டி சௌந்தரபாண்டி அண்ணன் வீட்டுக்கு அதைக் கொண்டுபோய் விட்டதும் நான்தான். அவர் அங்கே குழித்தறியில் சேலை நெய்கிறவர். தன் ஆட்டுக்கு வைத்தியம் பார்க்க அவர் கிளினிக்குக்கு வந்த இடத்தில், கூட வந்த மகள் கனிமொழி இதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றாள். ரொம்ப சாதுண்ணே, ஒரு தொந்தரவும் இருக்காது என்று நான் அவருக்கு உறுதி கொடுத்தேன். சீனி என்று பெயர் வைத்தது அந்தப் பிள்ளை. அந்தத் தெருவில் என்னை "டாக்டர் தம்பி" என்றுதான் கூப்பிடுவார்கள். நான் டாக்டர் இல்லை என்று முதலில் இரண்டு தடவை சொன்னேன். அப்புறம் சொல்வதை விட்டுவிட்டேன்.

மூன்று மாதம் ஒரு குறையும் இல்லை. பிறகு ஒரு வாரமாகச் சாப்பாடு குறைந்தது. தறியில் உட்காருகிறவர் காலைத் தொங்கவிடுகிற குழிக்குள் போய்ப் படுத்துக்கொள்ள ஆரம்பித்தது. நேற்று வரை மடியில் தலை வைத்த நாய், அன்று காலை கனிமொழி எப்போதும்போலத் தாடைக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கியதும் அவள் மணிக்கட்டைக் கவ்விவிட்டது. நாலு பல் இறங்கியிருந்தது. போன் வந்ததும் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவச் சொன்னேன், உடனே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பச் சொன்னேன். அதுவரைக்கும் நான் செய்தது சரி.

வீட்டுக்குள் போய்க் குழியை எட்டிப் பார்த்தேன். ஒரு நிமிஷம்கூட இருக்காது. இருட்டில் இரண்டு கண். வாய் லேசாகத் திறந்திருந்தது. எச்சில் கயிறு மாதிரித் தொங்கியது. விளக்குமாற்றை நீட்டினேன். பாய்ந்து கவ்வி, உடனே ஒரு சத்தத்தோடு விட்டுவிட்டது. அந்தச் சத்தத்தை நான் கேட்டேன், ஆனால் காதில் வாங்கவில்லை. என் கண்ணுக்கு அந்த எச்சில் மட்டும்தான் தெரிந்தது. வடமதுரைப் பசு தெரிந்தது. என் தொண்டை இறுகியது. கை தானாகப் பின்னால் போய்விட்டது.

"என்ன தம்பி, என்னவாம்?" என்றார் செல்வராணி அக்கா.

"வெறியாத்தான் இருக்கும்போலக்கா."

இதுதான் நான் சொன்னது. இதில் "போல" இருக்கிறது. ராஜாமணி காதில் "போல" விழவில்லை. அவரைக் குறை சொல்லி என்ன? எனக்கே அப்போது "போல" இல்லை.

மத்தியானத்துக்குள் தெரு மாறிவிட்டது. யாரும் அந்த வீட்டுப் பக்கம் நடக்கவில்லை. எதிர்ச்சாரியில் பிள்ளைகளை உள்ளே போட்டுக் கதவைச் சாத்தினார்கள். நெய்வதற்கு நீள நூலான பாவைக் கொடுக்கிற முதலாளி ஆள் அனுப்பினார். வந்தவன் வாசலிலேயே நின்று, நாய் எச்சில் பட்ட நூலில் நெய்த சேலையை யார் வாங்குவார்கள் என்று கேட்டான். சௌந்தரபாண்டி அண்ணன் குழிக்குள் கால் வைக்காமல் பக்கவாட்டில் நின்று, பாதி நெய்த பாவைத் தறியிலிருந்து அறுத்து எடுத்துக் கொடுத்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிள்ளையைக் கொஞ்ச நாள் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டாம் என்று அங்கிருந்தே சொல்லிவிட்டார்கள். அவள் அழவில்லை. கைக்கட்டைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "நான் குரைப்பேனாப்பா?" என்று மட்டும் கேட்டாளாம். தெருவில் யாரோ சொல்லியிருக்கிறார்கள், வெறி பிடித்த மனுஷர் நாய் மாதிரிக் குரைப்பார் என்று.

இதை அண்ணன் சாயங்காலம் போனில் சொன்னார். நான் அப்படியெல்லாம் ஆகாது, ஊசி போட்டாச்சு என்று சொன்னேன். வைத்த பிறகு தண்ணீர் குடிக்கப் போனேன். இறங்கவில்லை.

டாக்டரம்மாவுக்கு அன்றைக்கே போன் போட்டேன். அவர் காலையில் வாரேன், அதுவரைக்கும் யாரும் குழிக்கிட்டப் போகக் கூடாது, அடிக்கவும் கூடாது என்று சொல்லிவிட்டு வைத்தார்.

காலை ஒன்பது மணிக்கு நாங்கள் போனபோது தெருமுனையில் பதினைந்து பேர் நின்றார்கள். நாலைந்து பேர் கையில் கம்பு. ஒருவர் கையில் இரும்புத் தண்ணீர்க் குழாய். டாக்டரம்மா அவர்களைப் பார்க்காத மாதிரி நடந்து உள்ளே போனார். கைக்கடிகாரத்தைக் கழற்றினார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குழியிலிருந்து ஆறடி தள்ளி நின்றார். ஜன்னலில் ராஜாமணியின் முகம். இரண்டு நிமிஷம்.

"என்ன பார்த்த?"

"வெறி..." என்று ஆரம்பித்தேன்.

"அது பேரு. பார்த்தது என்ன?"

எச்சில் என்றேன். உறுமல் என்றேன். பிள்ளையைக் கடித்தது என்றேன். தண்ணீருக்கு என்ன செய்தது என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தாடை தொங்குகிறதா, மூடப் பார்த்து முடியாமல் நிற்கிறதா? தெரியவில்லை. நடை எப்படி? அதுவும் தெரியவில்லை. நான் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு ஒரு பெயரை எடுத்துக்கொண்டு வந்தவன்.

அவர் செல்வராணி அக்கா பக்கம் திரும்பினார். அக்கா முந்தின நாளிலிருந்து யாரும் தன்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை என்கிற மாதிரி பேசினார். சீனி தண்ணீரைக் கண்டு ஓடவில்லை. சட்டிக்கு வந்து வாயை வைக்கிறது. நக்கப் பார்க்கிறது. தண்ணீர் உள்ளே போகாமல் திரும்ப வழிகிறது. முன்னங்காலால் வாயைப் பிராண்டுகிறது. அப்புறம் குழிக்குப் போய்விடுகிறது. நேற்று விடியற்காலை வாந்தி எடுத்ததில் நூல் கிடந்தது.

கண்டதையும் தின்பது வெறிக்கு ஒரு அடையாளம். கல், மரக்குச்சி, துணி எல்லாம் தின்னும். டாக்டரம்மா முகமும் மாறியதைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நீ சொன்னது சரியாகத்தான் இருக்குமோ என்று இருந்தது. அப்படி ஒரு சரியை நான் விரும்பவே இல்லை.

"எப்ப இருந்து நூலு திங்குது?" என்று கேட்டார்.

"அது வந்த நாள்ல இருந்தே திங்குங்கம்மா. பாவுக்குக் கஞ்சி போடுறோம்ல. அந்த வாடைக்கு, தறிக்கடியில விழுற அறுந்த நூலையெல்லாம் நக்கிக்கிட்டே கெடக்கும். கஞ்சி ருசி கண்டுருச்சு. நாங்களும் நல்லாக் கூட்டி வச்சிருக்குன்னு சிரிச்சுக்கிருவோம்."

டாக்டரம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தின்கிற பழக்கம் மூன்று மாதமாக இருக்கிறது என்றால் அது நேற்றைய அடையாளம் இல்லை. தாடைக்கடியில் கை வைத்ததும் கடித்தது. விளக்குமாற்றைக் கவ்வி, வலி தாங்காமல் உடனே விட்டுவிட்டது. நாக்குக்கு அடியில் நூல் சுற்றியிருக்கலாம். ஆனால் வாயைத் திறந்து பார்க்காமல் எதுவும் நிச்சயமில்லை. வாயைத் திறப்பது என்பது, வெறியாக இருந்தால், அந்த எச்சிலுக்குள் கையை விடுவது. நான் போட்ட தடுப்பூசியை நம்பலாமா என்றும் கேட்டுப் பார்த்தேன். சாலையில் கிடக்கும்போதே கடிபட்டு, உள்ளே நோய் ஊறிக்கொண்டிருந்த நாய்க்கு அப்புறம் போட்ட ஊசி பிடிக்காமலும் போகும் என்றார்.

அவர் எங்கள் மூன்று பேருக்கும் கேட்கிற மாதிரி தணிந்த குரலில் சொன்னார். கடித்த நாயைப் பத்து நாள் தனியாகக் கட்டி வைத்துப் பார்ப்பதுதான் முறை. பத்து நாளும் உயிரோடு இருந்தால் கடித்த அன்று அதன் எச்சிலில் நோய் இல்லை. ஆனால் தண்ணீர் இறங்காத நாய் பத்து நாள் இருக்காது. செத்துப்போனால் தலையை அனுப்பித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதுவரை இந்த வீடு இப்படியே இருக்கும், பிள்ளையும் இப்படியே இருக்கும்.

பிறகு என்னிடம், "வெறிக்கு முன்னாடியே ஊசி போட்டுக்கிட்டவங்க நம்ம ரெண்டு பேருதான். வரலைன்னா சொல்லிரு. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்" என்றார்.

வாரேன் என்று சொன்னபோது என் குரல் எனக்கே அடுத்தவன் குரல் மாதிரி இருந்தது.

"அப்ப மொதல்ல தெருவுக்குப் போ. நேத்து சொன்னதை நீயே எடுத்துட்டு வா."

நாயைவிட அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. வாசலுக்குப் போனேன். நேற்று நான் சரியாகப் பார்க்காமல் சொல்லிவிட்டேன், அது வெறியா இல்லையா என்று எனக்குத் தெரியாது, டாக்டரம்மா இப்போதுதான் பார்க்கப் போகிறார், அதுவரை யாரும் உள்ளே வர வேண்டாம் என்று சொன்னேன்.

"நேத்து வெறி. இன்னிக்குத் தெரியாதாக்கும்" என்றார் ராஜாமணி. "ஏப்பு, நீ டாக்டரா கிளி ஜோசியமா?"

சிலர் சிரித்தார்கள்.

"நான் டாக்டர் இல்லண்ணே" என்றேன். மூன்று மாதம் முன்னாலேயே அழுத்திச் சொல்லியிருக்க வேண்டியது.

இரும்புக் குழாய் வைத்திருந்தவர், உள்ளேயிருந்து ஒரு கத்தல் கேட்டால் போதும், நாங்கள் வந்து முடித்துவிடுவோம் என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை, எங்களைக் காப்பாற்றத்தான் சொன்னார். அவருக்கும் அதே பள்ளிக்கூடத்தில் பிள்ளை இருந்தது.

கதவைச் சாத்தினோம். இரண்டு ஜோடி கையுறை, முகத்துக்குக் கண்ணாடித் தடுப்பு, கை முழுக்க மூடுகிற கோட்டு. மயக்க ஊசியை நீளக் கம்பின் நுனியில் கட்டி, நான் முன்னால் போர்வையைக் காட்டி அதன் கவனத்தைத் திருப்ப, டாக்டரம்மா பின்னாலிருந்து தொடையில் இறக்கினார். சீனி போர்வையைக் கவ்வவில்லை. கவ்வ வாயைத் திறந்து, திறந்தபடியே நின்றது. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு முதல் தடவையாக அது என்னைப் பயமுறுத்தவில்லை என்று தோன்றியது. அதுவும் நினைச்சதுதான், பார்த்ததில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

கால் மணி நேரம் காத்திருந்தோம். தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை. சின்னாளபட்டியில் பகலில் தறிச் சத்தம் இல்லாமல் நான் கேட்டது அன்றுதான். தலை சாய்ந்தது. காது மடலைக் குச்சியால் தொட்டேன். அசையவில்லை. போர்வையோடு தூக்கி வெளியே கிடத்தினோம். எவ்வளவு இளைத்திருந்தது என்று தூக்கினபோது தெரிந்தது. அதிக மயக்க மருந்து கொடுத்தால் தாங்காது என்று டாக்டரம்மா அளவைக் குறைத்துத்தான் போட்டிருந்தார்.

மேல்தாடைக்கு ஒரு நாடா, கீழ்த்தாடைக்கு ஒரு நாடா. நான் இரண்டையும் இரண்டு பக்கம் இழுத்துப் பிடிக்க வேண்டும். நடுவில் பல்லுக்கு முட்டுக் கொடுக்க ஒரு கட்டை வேண்டும். எங்களிடம் இருந்தது மாட்டு வாய்க்கானது. சௌந்தரபாண்டி அண்ணன் உள் அறையிலிருந்து கதவிடுக்கு வழியாகத் தறியில் கிடந்த மூங்கில் கழியை ஒடித்துக் கொடுத்தார். டாக்டரம்மா சின்னக் கத்தரியை எடுத்தார். கத்தரியைத் தட்டில் வைத்தார். கையை முழங்காலில் அழுத்தி வைத்திருந்தார். மறுபடி எடுத்தார்.

நாக்கைத் தூக்கினார். அடியில் சிவப்பாக ஒரு கோடு. ரத்தம் என்று நினைத்தேன். நூல். சேலைக் கரைக்குப் போடுகிற சிவப்புச் சாய நூல், நாக்கின் அடிச் சதையைச் சுற்றி அறுத்துக்கொண்டு உள்ளே புதைந்திருந்தது. இரண்டு முனையும் தொண்டைக்குள் இறங்கிப் போயிருந்தன. அது ஒவ்வொரு தடவை விழுங்கப் பார்த்தபோதும் நூல் இழுத்திருக்கும். அதோடு ஒரு வாரம்.

"இழுத்துராத. உள்ள குடலை அறுத்துரும்" என்றார். கத்தரி நுனியைச் சதைக்கும் நூலுக்கும் நடுவில் செலுத்தி வெட்டினார்.

வெட்டின வலியில் சீனி அரை மயக்கத்தில் தலையை உதறியது. மூங்கில் வழுக்கியது. என் வலது கட்டைவிரல் கடைவாய்ப் பல்லுக்கு நடுவில் போய்விட்டது.

நான் கத்தவில்லை. தைரியத்தால் இல்லை. கத்தினால் கதவு உடையும், இரும்புக் குழாய் உள்ளே வரும், அவ்வளவுதான் ஓடியது மனசில். எதிரில் ஜன்னல் கம்பியில் ராஜாமணியின் விரல்கள் தெரிந்தன. அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். டாக்டரம்மா தாடை மூட்டை இரண்டு கையாலும் அழுத்திப் பிரிக்கிற வரைக்கும், ஒரு அரை நிமிஷம் இருக்கும், ராஜாமணி ஒரு சத்தமும் போடவில்லை. அவரைப் பற்றி நான் எழுத வேண்டிய நல்லது இது.

கையுறை இரண்டும் கிழிந்திருந்தது. கொல்லைக் குழாயில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவினேன். செல்வராணி அக்கா பக்கத்தில் வந்து சொம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார். "ஒண்ணுமில்லேல்ல தம்பி?" என்று கேட்டார். நூல் கிடைத்துவிட்டது என்பதால் வெறி இல்லை என்று ஆகிவிடாது. வெறி பிடித்த நாயும் நூல் தின்னும். இது எனக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியாது. பார்க்கணும்க்கா என்றேன். அந்த வார்த்தையை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

அன்று மத்தியானமே கிளினிக்கில் வயிற்றைத் திறந்தார். குடலில் மூன்று இடத்தில் வெட்டி நூலை எடுத்தார். முடிச்சு முடிச்சாக ஒரு கைப்பிடி வந்தது. நான் ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டேன். நரம்பு அறுந்திருக்கிறது என்றார்கள்.

பிறகு பத்து நாள் கணக்கு. கனிமொழி கடிபட்ட நாளிலிருந்து எண்ண வேண்டும். சீனி தனிக் கூண்டில். தினமும் காலை எட்டு மணிக்குப் பிள்ளை போன் பண்ணுவாள். "சீனி இருக்கா?" என்பாள். இருக்கு என்பேன். வைத்துவிடுவாள். அம்புட்டுதான் பேச்சு. எட்டு மணிக்கு முன்னால் கூண்டுப் பக்கம் போக எனக்குக் கால் வராது. ஐந்தாம் நாள் அது காய்ச்சலில் கிடந்தது. கூப்பிட்டால் தலை தூக்கவில்லை. தையலால் வந்த காய்ச்சலா, அதுவா? டாக்டரம்மா இரண்டு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுப் போனார். என் கட்டைவிரல் கட்டுக்குள் துடித்தது. அன்றும் போன் வந்தது. அன்றும் இருக்கு என்றேன்.

எட்டாம் நாள் கஞ்சித் தண்ணீரை நக்கியது. ஒன்பதாம் நாள் என் காலடிச் சத்தத்துக்கு வாலை ஒரு தடவை தரையில் தட்டியது. பத்தாம் நாள் காலையில் நான் ஒரு சட்டியில் தண்ணீர் வைத்துவிட்டுத் தள்ளி நின்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். சீனி எழுந்து வந்தது. குடித்தது. தொண்டையில் ஒவ்வொரு மடக்காக இறங்குவதைப் பார்த்தேன். பதினேழு மடக்கு. போன் அடித்தது.

"இருக்கு. தண்ணி குடிச்சுருச்சு" என்றேன்.

"அப்ப நான் குரைக்க மாட்டேன்ல?"

"மாட்ட."

மிச்ச ஊசிகளையும் தேதி தவறாமல் போடச் சொல்லிவிட்டு வைத்தேன். பிறகு நானும் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன்.

சீனி வீட்டுக்குப் போனது. இப்போது தறிக்கடியில் அறுந்த நூல் விழுந்தால் கனிமொழியே பொறுக்கி டப்பாவில் போடுகிறாளாம். தாடைக்கடியில் யாரும் தொடுவதில்லை. நாய் பழையபடி மடியில் தலை வைக்கிறது, ஆனால் சௌந்தரபாண்டி அண்ணன் இன்னும் குழிக்குள் கால் வைக்கும் முன் குனிந்து பார்த்துக்கொள்கிறார். பயம் அப்படி ஒரேயடியாகப் போய்விடாது. நான் அதற்குப் பிறகு ஒரு வருஷம் வேலையில் இருந்து பார்த்தேன். ஒரு நாய்க்குட்டி என் பிடியிலிருந்து நழுவி மேசையிலிருந்து விழுந்த அன்று நானே சொல்லிவிட்டு நின்றுவிட்டேன். டாக்டரம்மா தடுக்கவில்லை. நாலு நாள் பேசவும் இல்லை.

சீனிக்குத் தையல் பிரித்த வாரம் நான் அவர்கள் வீட்டுக்குப் போய், ஆன செலவில் பாதியாவது தருகிறேன் என்று சொன்னேன். டாக்டரம்மா மருந்து விலை மட்டும்தான் வாங்கியிருந்தார், ஆனாலும் பாவு போனதில் மூன்று வாரக் கூலி போயிருந்தது, ஆட்டோ, சாப்பாடு, அலைச்சல் எல்லாம் இருந்தது. சௌந்தரபாண்டி அண்ணன் தலையசைத்தார்.

"நீ குடுத்தா நீ சொன்னதுக்குத் தண்டம்னு ஆயிரும் தம்பி. நாங்க குடுத்தா எங்க நாயிக்கு வைத்தியம் பார்த்தோம்னு இருக்கும். இருந்துட்டுப் போகட்டும்."

மொத்தம் எவ்வளவு என்றாவது சொல்லுங்கள் என்று கேட்டேன். செல்வராணி அக்கா காலண்டர் தாளின் பின்னால் எழுதி வைத்திருந்ததை எடுத்துக் கூட்டினார். இரண்டு தடவை கூட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார். பதினேழாயிரத்து அறுநூற்று ஐம்பது ரூபாய்.